திருவருகைக் காலம்: லுத்தரன் சபைகளின் வழிபாடும் வீடற்றோர் பராமரிப்பும்

கிறிஸ்து பிறப்புப் பெருநாளுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்தக் காலம் திருவருகைக் காலம் எனப்படும். தமிழ்நாட்டு லுத்தரன் சபையார் இதை 'அட்வெந்து' என்றும் சொல்வர். 'வருகை' என்று பொருள்படும் 'அட்வெந்துஸ்' என்ற இலத்தீன் சொல்லே இதன் மூலம். நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறு இதன் முதல் நாள். ஆகவே நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை ஏதேனும் ஒரு நாளில் இது தொடங்கி, டிசம்பர் 24 அன்று முடியும். திருச்சபை ஆண்டின் புத்தாண்டும் இந்த முதல் ஞாயிறுதான்.

பெருநாளுக்கான அலங்காரக் காலம் என்றே இதைப் பலரும் எண்ணுகிறார்கள். லுத்தரன் மரபில் இதன் அடையாளங்கள் பிறந்த இடங்களைத் தேடிப் போனால் வேறொரு செய்தி தெரியவருகிறது. அவற்றுள் முதன்மையான ஒன்று, தங்க இடமில்லாத பிள்ளைகளின் நடுவே தோன்றியது. வருகிறவரை வரவேற்பது என்பதும், வீட்டுக்கு வெளியே நிற்பவரை உள்ளே விடுவது என்பதும் இம்மரபில் ஒரே கேள்வியாகவே கேட்கப்பட்டு வந்துள்ளன. அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் சாதி என்ற இன்னொரு முகமும் உண்டு.

வழிபாட்டு முறை

திருவருகைக் காலத்தின் நிறம் ஊதா. சில சபைகள் நீலத்தைப் பயன்படுத்துகின்றன. பலிபீடத்தின் விரிப்பும் போதகரின் தோள்பட்டையும் இந்த நிறத்தில் இருக்கும். ஆராதனையில் வழக்கமாகப் பாடும் 'உன்னதத்தில் மகிமை' என்ற தேவதூதர் பாட்டை இந்த நான்கு வாரமும் நிறுத்திவைப்பது பழைய முறை. அது பிறப்புப் பெருநாளன்று பாட வேண்டிய பாட்டு என்பதால் அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

வேத வாசகங்களின் வரிசை கவனிக்கத்தக்கது. பழைய ஓராண்டு அட்டவணையில் முதல் ஞாயிற்றுக்கு உரிய நற்செய்தி, மாட்டுத் தொழுவத்தைப் பற்றியது அன்று. இயேசு கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் நுழைந்த நிகழ்ச்சி அது. குருத்தோலை ஞாயிற்றில் வாசிக்கும் அதே பகுதியை இங்கும் கேட்கும் புதியவர்கள் சற்றுத் திகைப்பார்கள். இரண்டாம் ஞாயிற்றுக்கு, கடலும் அலைகளும் முழங்க மக்கள் கலங்கிப் போவதைச் சொல்லும் லூக்கா 21-ஆம் அதிகாரம். மூன்றாம் ஞாயிற்றில், சிறையிலிருக்கும் யோவான் ஸ்நானகன், வரவேண்டியவர் நீர்தானா என்று ஆளனுப்பிக் கேட்கிறான். குருடர் பார்ப்பதும், ஏழைகள் நற்செய்தி கேட்பதும் அவனுக்குப் பதிலாகச் சொல்லி அனுப்பப்படுகின்றன. நான்காம் ஞாயிற்றுக்கும் யோவானே. இன்று உலகின் பல லுத்தரன் சபைகள் பின்பற்றும் மூன்றாண்டு அட்டவணையில் வரிசை மாறினாலும் இந்தப் பகுதிகள் பெரும்பாலும் இடம்பெறுகின்றன. அதில் ஒரு ஆண்டின் மூன்றாம் ஞாயிற்றுக்கு, இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்று யோவான் சொல்லும் பகுதி வருகிறது.

பாடல்களில் மூத்தது மார்ட்டின் லுத்தர் 1524-இல் ஜெர்மன் மொழியில் ஆக்கியது. மிலான் நகரத்துப் பேராயர் அம்புரோசின் இலத்தீன் பாட்டே அதற்கு அடிப்படை. ஜெர்மன் பாடல்களைத் தமிழில் 'ஞானப்பாட்டு'களாக ஆக்கித் தந்தவர்களுள் தலையாயவர் ஜான் பிலிப் பப்ரிசியுசு (1711–1791). ஜெர்மன் மெட்டில் ஞானப்பாட்டும், கருநாடக ராகத்தில் கீர்த்தனையும் அடுத்தடுத்துப் பாடுவது தமிழ் லுத்தரன் ஆராதனையின் தனிச்சுவை.

மெழுகுவர்த்தி வளையம் பிறந்த கதை

பச்சை இலைகளால் கட்டிய வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் நிறுத்தி, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் வழக்கம் இன்று உலகெங்கும் உண்டு. கத்தோலிக்க ஆலயங்களிலும் காணலாம். ஆனால் இது பிறந்தது லுத்தரன் மண்ணில், ஓர் ஆலயத்தில்கூட அன்று.

ஜோகன் ஹின்ரிச் விக்கெர்ன் (1808–1881) ஹாம்பர்க் நகரத்தவர், இறையியல் படித்தவர். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்புகளுக்குச் சென்று ஞாயிறு பள்ளி நடத்தியபோது, பெற்றோர் இல்லாமலும் இருந்தும் பயனின்றியும் தெருவில் அலைந்த பிள்ளைகளைக் கண்டார். 1833-இல் நகருக்கு வெளியே ஹார்ன் என்ற கிராமத்தில் கிடைத்த ஒரு பழைய ஓலைக்கூரை வீட்டில் அவர்களுக்காக இல்லம் தொடங்கினார். 'ரௌஹெஸ் ஹௌஸ்' என்பது அதன் பெயர். அக்காலத்து அநாதை விடுதிகள் ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கானோரை அடைத்து வைத்தன. விக்கெர்ன் அப்படிச் செய்யவில்லை. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு 'குடும்பமாக' அமைத்து, அவர்களோடு ஓர் அண்ணனைப்போல ஓர் ஊழியரைத் தங்கவைத்தார். விடுதி நடத்தும் எவரும் இன்றும் படிக்க வேண்டிய ஏற்பாடு இது.

டிசம்பர் வந்தால் பிள்ளைகள் பெருநாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நச்சரிப்பார்கள். 1839-இல் விக்கெர்ன் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, அதன்மேல் ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் வார நாள்களுக்கு 20 சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் நிறுத்தினார். கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். 1839-இல் டிசம்பர் 25 புதன்கிழமை. அப்படியானால் நான்கு ஞாயிறுகள் டிசம்பர் 1, 8, 15, 22. முதல் நாளிலிருந்து 24 வரை 24 நாள். அதில் ஞாயிறு 4 போக மீதி 20. நாளுக்கு ஒன்றாக ஏற்ற, பிள்ளைகள் எண்ணக் கற்றார்கள், காத்திருக்கவும் கற்றார்கள். வளையத்தைச் சுற்றி ஊசியிலைக் கொத்துகள் கட்டியது பிற்காலத்தில். சிறிய மெழுகுவர்த்திகள் உதிர்ந்து நான்கு மட்டும் எஞ்சியது, வீடுகளில் வைக்கத் தோதாக இருக்கட்டும் என்பதால்.

நம் ஆலயங்களில் நான்கு மெழுகுவர்த்திகளுக்கு நம்பிக்கை, சமாதானம், மகிழ்ச்சி, அன்பு என்று பெயரிட்டு விளக்கம் சொல்கிறார்கள். அது நல்ல விளக்கமே. ஆனால் வண்டிச் சக்கரத்தையும் அதைச் சுற்றி நின்ற தெருப் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி கதைதான் சொன்னதாகும்.

விக்கெர்ன் 1848-இல் விட்டன்பெர்க் நகரில் கூடிய சபை மாநாட்டில், தூரதேச மிஷனுக்குக் கொடுக்கும் கவனத்தைச் சொந்த ஊர் ஏழைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். 'உள்நாட்டு மிஷன்' என்ற இயக்கம் அதிலிருந்து எழுந்தது. அதே வழியில் பிரெட்ரிக் வான் போடல்ஷ்விங், வேலையும் வீடும் இழந்து ஊர் ஊராக நடந்துகொண்டிருந்த ஆண்களுக்காக 1882-இல் வில்ஹெல்ம்ஸ்டார்ப் என்ற தொழில் குடியிருப்பை அமைத்தார். பிச்சை கொடுத்து அனுப்பாமல், படுக்கையும் வேலையும் கொடுத்துத் தங்கவைப்பது அவர் முறை.

வாயிலைத் திறக்கச் சொன்ன பாட்டு

24-ஆம் சங்கீதத்தில் வரும் வாசல்களையும் கதவுகளையும் வைத்து, கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் போதகர் கியார்க் வைசெல் 1623-இல் ஒரு திருவருகைப் பாட்டு இயற்றினார். ஜெர்மன் பாட்டுப் புத்தகங்களில் பல தலைமுறைகளாக முதல் பாட்டாக நின்றது அது. அதைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. ஏழைகள் விடுதியிலிருந்து ஆலயத்துக்கும் ஊருக்கும் போகும் நடைபாதை ஒரு செல்வரின் நிலத்தை ஒட்டி இருந்ததாம். ஏழைகள் தம் கண்ணில் படுவதை விரும்பாமல் அவர் அந்த நிலத்தை வாங்கி, வேலியடைத்து, வாயிற்கதவைப் பூட்டிவிட்டார். திருவருகை ஞாயிறன்று போதகர் பாடகர் குழுவையும் விடுதியில் இருந்த முதியவர்களையும் அழைத்துக்கொண்டு பூட்டிய கதவின்முன் நின்று, கதவைத் திறக்கச் சொல்லும் இந்தப் பாட்டைப் பாட, செல்வர் வெட்கிச் சாவியை எடுத்துக் கொடுத்தார் என்பது கதை. இது செவிவழிக் கதை. ஆனால் பாட்டைப் பாடியவர்கள் அதற்கு எப்படிப் பொருள் கொண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்கும் முந்தையது லைஸ்னிக் நகரத்துப் பொதுப்பெட்டி. 1523-இல் அச்சபையார் லுத்தரின் ஆலோசனையோடு சபைச் சொத்தை ஒரு பெட்டியில் சேர்த்து, ஏழை, முதியவர், ஆதரவற்ற பிள்ளை ஆகியோருக்குச் செலவிட விதிகள் வகுத்தனர். அதற்கு முன்னுரை எழுதியவர் லுத்தரே. பெட்டிக்கு நான்கு பூட்டு. பிரபுக்கள், நகராட்சி, நகர மக்கள், உழவர் ஆகிய நான்கு தரப்பாரிடமும் ஒவ்வொரு சாவி. நால்வரும் வந்தால்தான் பெட்டி திறக்கும்.

தமிழ்நாட்டில்: ஒரே பந்தி என்ற கேள்வி

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் ஹாலே நகரத்துப் பிராங்கேயின் வட்டத்தில் வளர்ந்தவர்கள். பிராங்கே அநாதைப் பிள்ளைகளுக்குப் பெரிய இல்லம் அமைத்தவர். ஆகவே தரங்கம்பாடியிலும் பள்ளி, உணவு, உடை ஆகியவை தொடக்கத்திலிருந்தே வழிபாட்டோடு சேர்ந்து நடந்தன. புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் அர்ப்பணிக்கப்பட்டது. பின்வந்த சுவார்ட்ஸ் ஐயர் (1726–1798), ஐதர் அலியின் படையெடுப்பை ஒட்டி 1780-களின் தொடக்கத்தில் தஞ்சையைப் பஞ்சம் பிடித்தபோது, பசியோடு கோட்டைக்குள் வந்தவர்களுக்குச் சோறிட்டார். அரசின் வாக்கை நம்ப மறுத்த உழவர்கள் அவர் வாக்கை நம்பித் தானியம் கொண்டுவந்தது தஞ்சை வரலாற்றில் பெயர்பெற்ற செய்தி.

பசித்தவருக்குச் சோறிடுவது ஒன்று. அவரோடு ஒரே பாயில் அமர்வது வேறு. தமிழ் லுத்தரன் சபைகள் தடுமாறியது இரண்டாவதில்தான். ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வதும், திருவிருந்தில் ஒரு சாரார் எடுத்த பின்பே மறு சாரார் எடுப்பதும் வழக்கமாக இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இது பெரும் பூசலானது. ஆங்கிலிக்கன் மிஷன்களும் வேறு சிலவும் சாதியை விட்டால்தான் சபை என்றன. எல்லாரும் சேர்ந்து உண்ணும் 'அன்பின் விருந்து' வைத்துச் சோதித்தார்கள். லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரால் வேறு கருத்துடையவர். திருக்குறளை ஜெர்மன் மொழியில் தந்த அதே கிரால்தான். சாதி சமூக வழக்கம், மெல்ல மெல்லவே மாறும், கட்டாயப்படுத்தலாகாது என்பது அவர் நிலை. தமிழுக்கு அவர் செய்த தொண்டு பெரிது என்பதற்காக இந்த நிலையை நாம் பூசி மெழுக வேண்டியதில்லை. கீழே உட்காரவைக்கப்பட்டவரைப் பொறுமையாக இரு என்று சொல்ல, மேலே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன உரிமை?

அதே மிஷனைச் சேர்ந்த கார்ல் ஒக்ஸ் இதைக் கேட்டவர். சபைக்குள் சாதிக்கு இடமில்லை என்று நின்று, லைப்சிக் மிஷனிலிருந்து பிரிந்தார். 1860-களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டில், கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே உள்ள பட்டாம்பாக்கத்தில் குடியேறினார். டேனிஷ் மிஷனரி சங்கம் அவரைத் தாங்கியது. அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் பெத்தானியா. எருசலேமுக்குள் ஆரவாரத்தோடு நுழைந்த அன்று இரவு இயேசு தங்கியது அந்த நகரில் அன்று, வெளியே உள்ள பெத்தானியா என்ற சிற்றூரில். இந்த வேலையிலிருந்து வளர்ந்ததே கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருக்கோவிலூர் டேனிஷ் மிஷன் மருத்துவமனையும் திருவண்ணாமலை டேனிஷ் மிஷன் பள்ளியும் அதன் வரலாற்றைச் சேர்ந்தவை. லைப்சிக் வழியிலும் சுவீடன் வழியிலும் வந்த சபைகள் 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆயின.

ஒக்ஸ் பட்டாம்பாக்கத்தில் இருந்த அதே ஆண்டுகளில், அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத வடலூரில் வள்ளலார் 1867-இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அணையாத அடுப்பை ஏற்றினார். சாதி பார்க்காத பந்தி என்ற கருத்து அந்த வட்டாரத்துக் காற்றிலேயே இருந்திருக்கிறது.

ஒக்ஸ் பிரிந்ததால் சாதி ஒழிந்துவிடவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் பெண்பார்க்கும் பேச்சிலும் அது இன்றும் தலைகாட்டுகிறது. ஆனால் 'எல்லாரையும் ஏற்கும் சபை' என்ற சொல் தமிழ்நாட்டில் மேலைநாட்டு இறக்குமதி அன்று என்பதற்கு அவர் பெயர் போதும்.

வாசிங்டனில் ஒரு சபை

வழிபாடும் வீடற்றோர் பராமரிப்பும் ஒரே கூரையின்கீழ் நடப்பதற்கு நம் காலத்து எடுத்துக்காட்டு அமெரிக்கத் தலைநகரில் உள்ள லுத்தர் பிளேஸ் ஆலயம். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லுத்தர் கிங் கொல்லப்பட்டதையடுத்து நகரம் எரிந்தபோது, இந்த ஆலயம் கதவைத் திறந்து உணவும் உடையும் கொடுத்தது. 1970-இல் போதகராக வந்த ஜான் ஸ்டைன்பிரக், குளிர்கால இரவுகளில் தெருவில் கிடந்த பெண்களை ஆலயத்துக்குள்ளேயே படுக்கவைத்தார். அவரும் மனைவி எர்னாவும் சபையாரும் தொடங்கிய அந்த வேலையிலிருந்து 'என் ஸ்ட்ரீட் வில்லேஜ்' என்ற, வீடற்ற பெண்களுக்கான அமைப்பு வளர்ந்தது. ஆலயத்தை ஒட்டிய கட்டடங்களில் தங்குமிடம், மருத்துவம், போதை மீட்பு எல்லாம் நடக்கின்றன.

அமெரிக்க லுத்தரன் சபைகளுக்குள் 1980-களில் தொடங்கிய ஓர் இயக்கம், தன்பாலின ஈர்ப்புடையோரையும் திருநர்களையும் வெளிப்படையாக வரவேற்கும் சபைகளை ஒன்றிணைக்கிறது. லுத்தர் பிளேஸ் அதிலும் சேர்ந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. குடும்பம் வெளியே தள்ளியதால் தெருவுக்கு வந்தவர்களுள் இவர்கள் பலர். நம்மூரிலும் திருநங்கையருக்கு வாடகை வீடு கிடைப்பது எவ்வளவு பாடு என்பது தெரிந்ததே. யாரை ஏற்பது என்பதில் முடிவெடுக்காத சபை, இரவில் யாரைப் படுக்கவைப்பது என்பதிலும் தயங்கும்.

மரக்காணம் கடற்கரையில் திருவருகைக் காலம்

ஐரோப்பாவில் திருவருகைக் காலம் குளிரும் இருட்டும். மரக்காணம் முதல் இரும்பை, வானூர் வரை உள்ள எங்கள் பக்கத்தில் அது வடகிழக்குப் பருவமழையின் இறுதி. இரும்பையை வெளியூரார் அறிவது சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலால். மரக்காணத்தை அறிவது உப்பால். சங்க இலக்கியத்தின் எயிற்பட்டினம் இதுவே என்பர். சிறுபாணாற்றுப்படையில் வறுமையோடு வழிநடக்கும் பாணர் குடும்பத்தை அந்தப் பட்டினத்து நுளையர் மீன் சுட்டுக் கொடுத்து உபசரிக்கிறார்கள். வழிப்போக்கருக்குச் சோறிடுவது இக்கரைக்கு எவரும் வந்து கற்றுக்கொடுத்ததன்று.

உப்பளத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இராது. பாத்திகளில் மழைநீர் நிற்கும். கூலி இல்லாத மூன்று மாதம் அது. தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளருக்கு இக்காலத்தில் 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது இதனால்தான். புயலும் இப்போதுதான். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. சுனாமி 2004-இல் பிறப்புப் பெருநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. மறுநாள் விடிந்தது திருவருகையின் முதல் ஞாயிறு. மூன்றாண்டு அட்டவணையின்படி அந்த ஞாயிற்றுக்கு உரிய நற்செய்தி, கடலும் அலைகளும் முழங்குவதைச் சொல்லும் லூக்கா 21. அன்று மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவில் 7 பேர் புதைந்தனர். அடுத்த நாள் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

எனவே இக்கரையில் வீடற்றோர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நடைமேடையிலும் பேருந்து நிலையத்திலும் ஆண்டு முழுவதும் படுப்பவர் ஒருவகை. 2011 கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 இரவு தெருத்தெருவாகப் போய் எண்ணியதில், இந்தியாவில் 17.7 லட்சம் பேரும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 51 ஆயிரம் பேரும் இருந்தனர். குடிசை சாய்ந்து சில வாரங்கள் வீடிழப்பவர் மற்றொரு வகை. அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 2010-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த, ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்ற அளவு நகரங்களுக்கானது. சிற்றூர்களில் இருப்பவை புயல் பாதுகாப்பு மையங்கள். அவை புயலுக்குத் திறக்கும், புயல் போனதும் மூடும். கூரை மீண்டும் ஏறும்வரை எங்கே படுப்பது என்பதற்கு அங்கே பதில் இல்லை. அந்த இடைவெளியில் பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், ஆலயம் ஆகிய மூன்றுதான் கைகொடுக்கின்றன.

ஆலயங்கள் இதில் செய்யக்கூடியது பெரிய செலவுள்ளதன்று. டிசம்பர் இரவுகளில் பாடகர் குழு வீடு வீடாகப் போகும் கேரல் பவனிக்கு ஒரு பட்டியல் உண்டு. இன்ன தெரு, இன்ன வீடு, இன்ன நேரம் என்று எழுதியிருக்கும். வீடே இல்லாதவர் அந்தப் பட்டியலில் வர வழியில்லை. பேருந்து நிலையத்தையும் அரசு மருத்துவமனை வாசலையும் அதில் சேர்த்தால் போதும். போர்வையும் சோற்றுப் பொட்டலமும் கையில் இருந்தால் பாட்டு இரண்டே போதும். இரவு தங்கவைப்பதானால் தேவைப்படுபவை கழிப்பறை, குடிநீர், பெண்களுக்குத் தனி மறைப்பு, காவலுக்கு இருவர், காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகப் பை வைக்க ஓர் அலமாரி. யார், எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்டு எழுதும் நோட்டுப் புத்தகம் தேவையில்லை. பெயரும் மருந்து ஏதேனும் சாப்பிடுகிறாரா என்பதும் தெரிந்தால் போதும்.

பிறப்புப் பெருநாள் காலம் ஜனவரி 6 அன்று, ஞானியர் வந்து வணங்கியதை நினைக்கும் பிரசன்னத் திருநாளோடு நிறைவுறும். மரக்காணம் உப்பளங்களில் தேங்கிய நீரை வடித்து, வரப்பு கட்டி, பாத்தியை மிதித்துப் பதப்படுத்தும் வேலையும் ஏறக்குறைய அந்த வாரங்களில்தான் மீண்டும் தொடங்கும். வெயில் காய்ந்தால் அதற்குப் பின் சில வாரங்களில் முதல் உப்பு வாரலாம்.